ஜன்னலுக்குக் கீழே என்ன இருந்தது?

கேள்வி: 1618இல் பிராக் நகரத்தில் மூன்று பேரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்ததுதான் முப்பதாண்டுப் போருக்கு உடனடிக் காரணம் என்று படித்தேன். ஒரே பைபிளைப் படிக்கிற கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் ஒரு ஜன்னலுக்காகவா இத்தனை காலம் அடித்துக்கொண்டார்கள்? மதம் மட்டும் இல்லாதிருந்தால் இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள் அல்லவா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் நன்றி. ‘சாளரம்’ என்று எழுதாமல் ‘ஜன்னல்’ என்று எழுதினீர்களே, அதற்கு. இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் சாளரச் சண்டை தெரியும். ஒரு பெரியவர் பதினோரு ஆண்டுகளாக மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுகிறார்: “ஜன்னல் போர்ச்சுக்கீசியச் சொல், அதை ஒழியுங்கள்.” ஆமாம் ஐயா, ‘ஜனேலா’ என்கிற போர்ச்சுக்கீசியச் சொல்தான். சாவியும் அலமாரியும்கூட அதே கப்பலில் வந்தவைதான். நானூறு ஆண்டு நம் வீட்டுச் சுவரில் இருந்து காற்று வாங்கிக் கொடுத்த சொல்லை இப்போது வெளியே எறியச் சொல்கிறார். ஜன்னலையே ஜன்னல் வழியாக எறிவது எப்படி என்று கேட்டு எழுதினேன். அதற்கும் ஓர் அஞ்சலட்டை வந்தது.

அடுத்தது உங்கள் ‘உடனடிக் காரணம்’. இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குக் கை நமநமக்கும். போர் என்றால் அடிப்படைக் காரணம் ஐந்து, உடனடிக் காரணம் ஒன்று, விளைவு ஆறு. ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண். நான் பள்ளியில் படித்தபோது இதே பிராக் கேள்விக்கு, விழுந்தவர்கள் சாணக் குவியல்மேல் விழுந்ததால் பிழைத்தார்கள் என்று ஆசையாக எழுதிவைத்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ‘தேவையற்ற விவரம்’ என்று ஓரத்தில் எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்தார். ஐம்பது ஆண்டு கழித்து அந்த அரை மதிப்பெண்ணை இங்கே மீட்கப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1618 மே 23, பிராக் கோட்டையின் ஆலோசனை அறை. பொஹிமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள், துர்ன் பிரபுவின் தலைமையில், திமுதிமுவென்று உள்ளே நுழைகிறார்கள். அரசரின் பிரதிநிதிகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை, “இவர்களால் தொல்லையில்லை” என்று அறைக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோபத்திலும் நிதானம்! மிஞ்சிய இருவரும் பழுத்த கத்தோலிக்கர்கள், மார்ட்டினிட்ஸும் ஸ்லவாட்டாவும். முதலில் மார்ட்டினிட்ஸ் போனார். ஸ்லவாட்டா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பிடி விடும்வரை விரல்களில் அடித்தார்கள். மூன்றாவதாகப் போனவர் அவர்களுடைய எழுத்தர், ஃபப்ரிசியஸ். பாவம், நடவடிக்கைக் குறிப்பு எழுத வந்த மனிதர்.

சுமார் எழுபது அடி உயரம். மூன்று பேரும் பிழைத்தார்கள். ஃபப்ரிசியஸ் எழுந்து, தன் எஜமானர்மேல் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. எழுத்தர்களை அறிந்தவன் என்பதால் நான் அதை நம்ப விரும்புகிறேன். பின்னால் புனித ரோமப் பேரரசர் (பொஹிமியாவுக்கும் அவரே அரசர்) அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பெயர் ஹோஹென்ஃபால். தமிழில் சொன்னால் ‘உயர்வீழ்ச்சியார்’. நான் கட்டிய கதையல்ல, பட்டயத்தில் உள்ள பெயர்.

எப்படிப் பிழைத்தார்கள்? கத்தோலிக்கர்கள், தேவமாதாவும் தேவதூதர்களும் தாங்கிப் பிடித்தார்கள் என்றார்கள். புராட்டஸ்டண்டுகள், கீழே சாணக் குவியல் இருந்தது என்றார்கள். மூன்று பேர் ஓர் இடத்தில் விழுந்திருக்கிறார்கள். விழுந்த இடம் சொர்க்கத்தைச் சேர்ந்ததா தொழுவத்தைச் சேர்ந்ததா என்பதில்கூட இரு தரப்புக்கும் உடன்பாடு இல்லை. இத்தனைக்கும் அந்தச் சாணத்தை நேரில் கண்டு எழுதியவர் எவரும் இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். தேவதூதர்களுக்குப் பதிலடியாகப் பின்னாளில் கொட்டப்பட்ட சாணம் அது. கனத்த அங்கியும் சரிந்து இறங்கும் சுவரும் காப்பாற்றியிருக்கலாம். ஆக, என் ஆசிரியர் குறைத்த அரை மதிப்பெண் நியாயமானதே என்று ஆகிறது. ஆனால் அவர் ‘தவறு’ என்று எழுதவில்லை, ‘தேவையற்ற விவரம்’ என்றுதான் எழுதினார். வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சரி, ஏன் எறிந்தார்கள்? உங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: பட்டா தகராறு. 1609இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், அரசருக்குச் சொந்தமான நிலத்தில் புராட்டஸ்டண்டுகள் கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று சாசனம் எழுதிக் கொடுத்திருந்தார். ப்ரோமோவ், ஹ்ரோப் என்று இரண்டு ஊர்களில் கட்டினார்கள். ஓர் ஊரில் நிலம் மடத்துக்குரியது, மற்றதில் பேராயருக்குரியது. “திருச்சபை நிலமும் அரசர் நிலம்தான்” என்றது ஒரு தரப்பு. “இல்லவே இல்லை” என்றது மறு தரப்பு. ஒரு கோயிலைப் பூட்டினார்கள், மற்றதை இடித்தார்கள். ஒரு தாசில்தார் சர்வே கல்லோடு வந்து தீர்த்திருக்க வேண்டிய விவகாரம்.

“அப்படியானால் மதம் வெறும் சாக்கு, எல்லாமே நிலமும் பணமும்” என்று உடனே ஒரு புத்திசாலி கை தூக்குவார். அவரையும் எனக்குப் பிடிக்காது. 1629இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ஓர் ஆணை போட்டார். 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்துகளையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று. அது பக்தியா, நிலக் கணக்கா? அந்த மனிதர் மனத்தில் இரண்டும் ஒரே ஏட்டில்தான் எழுதப்பட்டிருந்தன. பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஜெர்மனியில் சாக்சனியின் ஆட்சியாளர் லுத்தரன். ஆனால் சக புராட்டஸ்டண்டுகளான பொஹிமியர்களை ஒடுக்கக் கத்தோலிக்கப் பேரரசருக்கு உதவினார், கூலியாக லுசாஷியா என்ற பிரதேசத்தைப் பெற்றார். இவரை விடக் கெட்டிக்காரர் பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ. கத்தோலிக்கக் கர்தினால். 1628இல் தன் நாட்டுப் புராட்டஸ்டண்டுகளை லா ரோஷல் நகரில் பட்டினி போட்டு அடக்கினார். 1631 ஜனவரியில் ஜெர்மனியில் கத்தோலிக்கப் பேரரசரை எதிர்க்க ஸ்வீடனின் லுத்தரன் அரசருக்கு ஆண்டுக்கு நான்கு லட்சம் தாலர் (வெள்ளி நாணயம்) தர ஒப்பந்தம் போட்டார். காலையில் பூசை, மாலையில் கணக்கு.

ஆகவே ‘மதம் இல்லாதிருந்தால்’ என்ற உங்கள் கேள்வி, ஜன்னல் இல்லாதிருந்தால் அந்த மூவர் விழுந்திருப்பார்களா என்பதைப் போன்றது. வாசல் இருந்தது, படிக்கட்டும் இருந்தது. போகிறபோக்கில் ஒன்று: அது ‘ஒரே பைபிள்’ இல்லை. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டண்டு பைபிளில் 66. இனி ‘மதம் பிடித்த யானை’ சிலேடையோடு ஒரு கடிதமும் இந்த அலுவலகத்துக்கு வர வேண்டாம். போன கேள்விக்கே பதினேழு வந்தன.

செத்தவர்கள் 45 லட்சம் முதல் 80 லட்சம்வரை என்று மதிப்பிடுகிறார்கள். வாளால் செத்தவர்களை விடப் பசியாலும் கொள்ளைநோயாலும் செத்தவர்களே அதிகம். ஜன்னலில் இருந்து விழுந்தவர்கள் நல்லபடியாக எழுந்து போனார்கள். ஜன்னல் பக்கமே போகாதவர்கள்தான் செத்தார்கள். 1631 மே 20, மாக்டபர்க் நகரம். ஒரே நாளில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர். பேரரசர் தரப்பில் சுவரேறிய பீட்டர் ஹாகென்டார்ஃப் என்ற சாதாரணச் சிப்பாயின் நாட்குறிப்பு 1988இல் பெர்லினில் கிடைத்தது. குண்டடி பட்டுக் கிடக்கிறான். ஊர் எரிகிறது. அவன் மனைவி அந்த நெருப்புக்குள் போகிறாள், புருஷனுக்குத் தலையணையும் கட்டுப்போடத் துணியும் தேட. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறாள், கூட ஒரு கிழவி. கிழவி அந்த ஊர்க்காரி. இவளுக்காக ஒரு பெரிய பாத்திரம் நிறைய மதுவைச் சுமந்துகொண்டு வருகிறாள். மனைவி கையில் இரண்டு வெள்ளி இடைக்கச்சைகளும் இருந்தன. அந்தக் கிழவியை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு எரிந்துகொண்டிருக்கும்போது, எரித்தவனுக்கு மது சுமந்தவள். 1633இல் ஹாகென்டார்ஃப் பிடிபட்டு ஸ்வீடன் படையில் சேர்க்கப்பட்டான். மறு ஆண்டு நோர்ட்லிங்கன் சண்டைக்குப் பிறகு பழைய படைக்கே வந்துவிட்டான். இரண்டு பக்கமும் நின்ற அவன், எந்தப் பக்கத்துக்கு என்ன கொள்கை என்று பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1648இல் முடிந்த சமாதானப் பேச்சுக்கு இரு தரப்பும் ஒரே ஊரில் உட்காரவில்லை. முன்ஸ்டரில் ஒரு கூட்டம், ஓஸ்னாப்ரூக்கில் ஒரு கூட்டம். ஓஸ்னாப்ரூக் ஆயர் பதவி யாருக்கு என்பதற்கு அவர்கள் கண்ட தீர்வைக் கேளுங்கள்: ஒரு முறை கத்தோலிக்கர், மறு முறை புராட்டஸ்டண்டு. முறை வைத்து ஏரித் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல. இது 1802வரை நடந்தது. 1764இல் புராட்டஸ்டண்டு முறை வந்தபோது இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகனை ஆயராக்கினார்கள். ஆயருக்கு வயது ஆறு மாதம்.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். பொஹிமியர்கள் வெள்ளை மலைச் சண்டையில் தோற்றது 1620 நவம்பர். அதே நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானின் ஆளுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்து ஒப்பந்தம் போட்டார். கிறிஸ்டியான் 1625இல் இந்தப் போரில் குதித்தார், 1626இல் லுட்டர் என்ற இடத்தில் நன்றாக அடி வாங்கினார். கஜானா காலி. 1639க்குப் பிறகு தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து நெடுங்காலம் கப்பலே புறப்படவில்லை. கடைசியில் மிஞ்சிய ஒற்றை டேனிஷ்காரர், எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே, கோட்டையைக் காத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் வந்த ஆண்டு 1669.

பிறகு அதே தரங்கம்பாடிக்கு லுத்தரன் பாதிரியார்கள் வந்தார்கள். அவர்களைச் சாடி வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று வரிசையாக எழுதித் தள்ளினார். ஐரோப்பாவில் பீரங்கியால் நடந்த சண்டை இங்கே உரைநடையால் நடந்தது. சொற்களிலும் அந்தச் சண்டையின் மிச்சம் இருக்கிறது. கத்தோலிக்கப் போர்ச்சுக்கீசியர் நமக்கு ஜன்னலைத் தந்தார்கள் என்றேன் அல்லவா? 1658இல் அவர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடுங்கிய புராட்டஸ்டண்டு டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து வந்த சொல் கக்கூஸ். ஒரு தரப்பு ஜன்னல், மறு தரப்பு கக்கூஸ். பிராக்கில் விழுந்தவர்களுக்குக் கீழே என்ன இருந்தது என்ற பழைய விவகாரத்தைத் தமிழகராதி இப்படித்தான் பதிவு செய்து வைத்திருக்கிறது. அஞ்சலட்டைப் பெரியவர் இதில் எதை முதலில் ஒழிக்கப்போகிறார்?

நீங்கள் கும்பகோணத்துக்காரர். மயிலாடுதுறை போய் பஸ் மாறினால் தரங்கம்பாடி. காங்ஸ்பாக்கே காத்திருந்த கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், மேலே எழுதியிருப்பதை ஸ்லவாட்டாவை நினைத்துக்கொண்டு ஒரு முறை படியுங்கள்: கரம், சிரம், புறம் நீட்டாதீர்.