படகில் இருக்கும் ஜிபிஎஸ், ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டுவது) கருவிகளை லேப்டாப்புடன் இணைத்தால் லேப்டாப்புக்கு ஆபத்து வருமா? எப்படிப் பாதுகாப்பாக இணைப்பது?

தாராளமாக இணைக்கலாம். ஒரே நிபந்தனை: தகவல் மட்டும்தான் கடந்து வர வேண்டும், படகின் மைனஸும் லேப்டாப்பின் கிரவுண்டும் வயரால் ஒன்று சேரக் கூடாது. விலை குறைவு என்று சாதாரண யுஎஸ்பி கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். இரு பக்கமும் மின் தொடர்பே இல்லாமல் பிரித்து வைக்கும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் என்றே கேட்டு வாங்குங்கள்.

எல்லா மைனஸும் ஒரே பேட்டரிக்குத்தானே போகிறது, சேர்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் இன்ஜினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்த நொடியில் மைனஸ் லைனிலேயே இடத்துக்கு இடம் வோல்டேஜ் மாறும். இன்னொன்று, நான் அதிகம் பயப்படுவது: லேப்டாப்பைப் படகின் 12 வோல்ட்டிலிருந்தே சார்ஜ் செய்கிறீர்கள், உப்புக் காற்றில் ஒரு கருவியின் மைனஸ் இணைப்பு பச்சை பூத்து விட்டுப்போகிறது என்று வையுங்கள். அந்தக் கருவியின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி இல்லாமல், மெல்லிய டேட்டா கேபிள் வழியாக லேப்டாப்புக்குள் புகுந்து போகப் பார்க்கும். யுஎஸ்பி போர்ட் அதைத் தாங்காது.

கரை மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் வேறு சிக்கல். மூன்று பின் சார்ஜர்கள் பலவற்றில் மைனஸும் எர்த்தும் உள்ளே சேர்ந்தே இருக்கும். கரையிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தால், படகில் கால்வானிக் ஐசொலேட்டர் (கரை எர்த் வழியாக வரும் அரிப்பு கரண்ட்டைத் தடுக்கும் கருவி) இருந்தும் பயனில்லை. அதைச் சுற்றிக்கொண்டு கரை எர்த் படகின் மைனஸைத் தொட்டுவிடும். தண்ணீருக்குள் இருக்கும் உலோகம் மெல்ல அரிக்கும். அலுமினியப் படகு என்றால் இதை அலட்சியமாக விடவே கூடாது.

ஐசொலேட்டட் கன்வெர்ட்டரில் சிக்னல் பெரும்பாலும் ஆப்டோ கப்ளர் வழியாக, ஒளியாக மாறிக் கடக்கும். படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் பழைய தரமான என்எம்இஏ 0183 விதிப்படி, கேட்கும் (தகவலைப் பெறும்) கருவியின் உள்ளீடு இப்படித்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அது கிடையாது என்பதால்தான் நாம் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

வயரிங்கில், ஏ, பி என்ற இரண்டு சிக்னல் முனைகளில் ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி. ஒரே சிக்னல் வயர் உள்ள பழைய கருவி என்றால் சிக்னலை ஏ-யிலும் கருவியின் மைனஸை பி-யிலும் கொடுங்கள். இரண்டு சிக்னல் வயரும் உள்ள கருவியில் மட்டும் பி-யை மைனஸில் கட்டாதீர்கள். அனுப்பும் சர்க்யூட் கெட்டுப்போகலாம். ஒரு கருவி அனுப்புவதைப் பல கருவிகள் கேட்கலாம். இரண்டு கருவிகளின் அவுட்புட்டை ஒரே வயரில் முறுக்கிவிடக் கூடாது, அதற்குப் பல சிக்னல்களை ஒன்றாக்கித் தரும் மல்டிபிளெக்ஸர் வேண்டும். டேட்டா வேகம் (பாட் ரேட்) வழக்கமாக 4800, ஏஐஎஸ்ஸுக்கு 38400.

எல்லாக் கருவிகளும் ஒரே கேபிளைப் பகிரும் புதிய தரமான என்எம்இஏ 2000 என்றால் வயரை வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். டி கனெக்டரில் ஐசொலேட்டட் கேட்வே (அந்தத் தகவலை லேப்டாப்புக்கு மாற்றித் தரும் கருவி) ஒன்றைச் சொருகினால் போதும். பவரை அணைத்துவிட்டு வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் கேபிளின் ஒரு முனையில் டெர்மினேட்டர் (முனையில் போடும் ரெசிஸ்டர்) இல்லை.

வைஃபை கேட்வேயில் வயர் தொடர்பே இல்லாததால் இந்தக் கவலை எதுவும் இல்லை. பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்.

எந்த வழியில் இணைத்தாலும் கம்ப்யூட்டர் முதலில் கேட்க மட்டும் செய்யட்டும். அங்கிருந்து ஆட்டோபைலட்டுக்குத் தகவல் போகும் பாதையைத் திறந்து வைத்தால், மென்பொருளில் தவறுதலாக ஒரு ரூட்டைத் தொட்டாலே படகு திரும்பக்கூடும். தேவை வரும்போது, கடலில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு திறந்துகொள்ளலாம்.

இணைத்ததும் விண்டோஸில் மவுஸ் கர்சர் தன்னால் ஓடினால் பதற வேண்டாம். ஓயாமல் வரும் ஜிபிஎஸ் டேட்டாவை அது பழைய சீரியல் மவுஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்றாமல் டிவைஸ் மேனேஜரில் அந்த சீரியல் மவுஸை டிசேபிள் செய்யுங்கள். கழற்றிவிட்டால் பட்டியலில் அது தெரியாது.