பயிற்சி முடிந்து திரும்பும் மேலாளர்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக மேலாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளித்து வருகிறோம். போய் வந்தவர்கள் எல்லோரும் ‘அருமை’ என்றே எழுதித் தருகிறார்கள். ஆனால் லாபத்தில் ஒரு மாற்றமும் இல்லையே என்கிறார் நிர்வாக இயக்குநர். மனிதவளத் துறையில் இருக்கும் நான் என்ன பதில் சொல்வது? இந்தச் செலவை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த ‘அருமை’ படிவங்களை ஆதாரமாக அவர்முன் வைக்கவும் வேண்டாம். கடைசி நாள் மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், பயிற்சியாளர் எதிரிலேயே நிற்கும்போது நிரப்பும் படிவத்தில் வேறு என்னதான் எழுதுவார்கள்? பயிற்சியின் பயனை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளாகப் பிரித்தார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. உங்கள் கையில் இருப்பது முதல் படிக்கான சான்று. இயக்குநர் கேட்பது நான்காவதை. இடையில் உள்ள இரண்டையும் உங்கள் நிறுவனத்தில் யாரும் பார்த்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை.

பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவில் ஒரு வங்கியின் 20 கிளை மேலாளர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த 9 பேருக்கு மட்டும் ஒரு நாள் வகுப்பும், பின்னர் மாதம் ஒன்றாக நான்கு தனிச் சந்திப்புகளும் நடத்திப் பார்த்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களுடைய ஊழியர்களின் நிறுவனப் பற்று கூடியது. கிளையின் நிதி அளவீடுகளில் இரண்டு மேம்பட்டன. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வகுப்பு ஒரே நாள், தொடர்ச்சி நான்கு மாதம் என்ற அந்த விகிதத்தைக் கவனியுங்கள். 335 தரவுத் தொகுதிகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளிவந்த ஆய்வும், தேவையை முன்கூட்டியே ஆராய்ந்து, இடைவெளி விட்டு நடத்தி, பங்கேற்பவரின் செயல்பாடு பற்றி அவருக்கே எடுத்துச் சொல்லும் பயிற்சிகள் கூடுதல் பயன் தருவதாகக் காட்டுகிறது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது பழைய ஆய்வு ஒன்று. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தில், தொழிலாளர்களிடம் பரிவோடு நடந்துகொள்ளப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர்களை எட்வின் ஃபிளைஷ்மன் ஆராய்ந்தார். 1953-இல் வெளிவந்த முடிவு இதுதான்: ஆலைக்குத் திரும்பிய பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தை, வகுப்பில் கற்றதைவிட அவர்களுடைய மேலதிகாரி நடத்திய விதமே அதிகம் தீர்மானித்தது. பயிற்சியிலிருந்து திரும்பிய மேலாளர், திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதன்முறையாகத் தம் குழுவிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி வாயைத் திறப்பதற்குள், மூலையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் “இதற்கெல்லாம் நேரமில்லை, முடிவைச் சொல்லுங்கள்” என்கிறார். மூன்று நாள் பயிற்சி அந்த ஒரு நொடியில் கரைந்துபோகும். மறுவாரம் அந்தக் கேள்வியை மேலாளர் கேட்கவே மாட்டார்.

லாபத்தை மட்டும் வைத்து அளப்பதும் சரியல்ல. மூலப்பொருள் விலை, சந்தை, வட்டி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. மேலாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளவற்றைப் பாருங்கள்: அவர் குழுவிலிருந்து வேலையை விட்டுப் போனவர்கள், முன்னறிவிப்பின்றி எடுத்த விடுப்புகள், திருப்பிச் செய்ய நேர்ந்த வேலைகள். பயிற்சிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே இவற்றைக் குறித்து வையுங்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து முதலில் அனுப்பினால், மீதிப் பேரின் குழுக்களே ஒப்பீட்டுக்கு உதவும். திறமைசாலிகளை மட்டும் பொறுக்கி அனுப்பிவிட்டு அவர்கள் குழு நன்றாக இயங்குகிறது என்று காட்டினால் (பல இடங்களில் இதுவே வழக்கம்), அதில் பயிற்சியின் பங்கு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இயக்குநரிடம் இந்தக் கணக்குக்கு ஓராண்டு அவகாசம் கேளுங்கள். கூடவே, அடுத்த குழு திரும்பி வந்ததும் ஒவ்வொரு மேலாளரோடும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து, கற்றதில் எதைச் செய்து பார்த்தார், எங்கே தடைபட்டது என்று இயக்குநரே விசாரிக்க வேண்டும் எனவும் கேளுங்கள். அதற்கு அவர் மறுத்தால், செலவை நிறுத்துவது பற்றி அப்போது பேசலாம்.