விதைநெல் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள்

கேள்வி: தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்புச் செய்யும், இரவில்தான் சுவாசிக்கும் என்று என் மகனின் விஞ்ஞானக் கொப்பியில் இருக்கிறது. நானும் அந்த நாளில் அப்படித்தான் படித்தேன். சரிதானே?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: பிழை. ‘இரவில்தான்’ என்பதை வெட்டிவிட்டு ‘இரவும் பகலும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

சுவாசம் என்றதும் மூக்கும் நெஞ்சும் நினைவுக்கு வருவதால் வரும் குழப்பம் இது. மூச்சு காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். கலச்சுவாசம் ஒவ்வோர் உயிர்க்கலத்துக்குள்ளும் நடக்கிறது. குளுக்கோசு என்ற சர்க்கரை முதலில் குழியவுருவில், அதாவது கலத்துக்குள் நிறைந்திருக்கும் கூழில், இரண்டாக உடையும். அப்புறம் இழைமணி என்ற, கலத்துக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்புக்குள் போய், ஒட்சிசனின் துணையோடு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் முடியும். வெளிவரும் சக்தியில் ஒரு பங்கை ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு பிடித்துவைக்கும். கலம் செலவழிக்கும் காசு அதுதான். மிச்சம் வெப்பமாகப் போய்விடும்.

அந்த வெப்பம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்போகத்துக்கு விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கால் மூடி முளைக்க வைக்கிறோமே, அடுத்த நாள் அதற்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். வெயில் படவில்லை, அடுப்பும் இல்லை. இலையே விடாத நெல்லுக்கு ஒளித்தொகுப்பு ஏது? மணிக்குள் இருந்த மாப்பொருள் சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை கலத்துக்குள் உடைந்து, அந்தச் சக்தியில்தான் வெள்ளை வேர்நுனி உமியைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. சூடு கூடினால் முளை அவிந்துவிடும் என்று வயல்காரர்கள் நெல்லைக் கிளறித் தண்ணீர் தெளிப்பார்கள். கலச்சுவாசம் என்ற பெயர் தெரியாமலே அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தண்ணீரை வடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? புளித்த நாற்றம் வரும். ஒட்சிசன் கிடைக்காத நெல்லும் அதில் ஒட்டிய நுண்ணுயிர்களும் சர்க்கரையைப் பாதியில் விட்டுவிடுகின்றன; மதுசாரமும் அமிலமும் தேங்குகின்றன. அந்த வழியில் ஒரு குளுக்கோசுக்குப் பெரும்பாலும் 2 ஏ.ரி.பி. தான் தேறும். ஒட்சிசன் இருந்தால் 30 அளவில் கிடைக்கும். முளை ஏன் நோஞ்சானாகிறது என்று இப்போது விளங்கும்.

சரி, பகலில் இலை காபனீரொட்சைட்டை வெளியே விடக் காணோமே என்று மகன் கேட்பான். நல்ல கேள்வி. பகலிலும் சுவாசம் நடக்கிறது. ஆனால் நல்ல வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பு அதைவிட வேகமாக நடப்பதால், சுவாசத்தில் வந்த வாயுவை இலை உள்ளேயே எடுத்துக்கொள்கிறது. இருட்டினால் ஒளித்தொகுப்பு நிற்கும், சுவாசம் மட்டும் வெளியே தெரியும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? மகனை மட்டக்களப்பு வாவிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்டல் மரங்கள் சிலவற்றைச் சுற்றி, சேற்றிலிருந்து விரல் விரலாய் வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவு. கீழே இருக்கும் வேர்க்கலங்களுக்குக் காற்று இறங்குவது அந்த விரல்களின் வழியாகத்தான். உச்சி வெயிலிலும்தான்.