விசிறிப் பனைக்கு எவ்வளவு நிழல்?

லிகுவாலா கிராண்டிஸ் என்ற விசிறிப் பனையை வளர்ப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: நிழலில் வளரும் என்றார்கள். கூடத்து மூலையில் வைத்து எட்டு மாதமாகிறது, குருத்தே வரவில்லை. செத்துவிட்டதா ஐயா?

பதில்: சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு, சாலமன் தீவுகளின் மழைக்காட்டில் பெரிய மரங்களின் அடியில், இலை இடுக்குகளில் சிந்தும் வெளிச்சத்தைக் குடித்து வாழும் பனை இது. நிழல் வேறு, இருட்டு வேறு. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடியாத மூலை இதற்கு ஆகாது. ஜன்னலருகே, உச்சி வெயில் படாமல் வையுங்கள். நல்ல இடத்திலும் ஆண்டுக்குச் சில ஓலைகள்தான் விடும். அவசரக்காரர்கள் வாழை வளர்க்கலாம்.

கேள்வி: ஓலை நுனி கருகுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?

பதில்: அந்த "தினமும்"தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நுனி மட்டும் கருகினால் வறண்ட காற்றோ, தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்போ காரணமாக இருக்கலாம். ஏசி காற்று நேராகப் படுகிறதா என்று பாருங்கள். ஓலையின் நடுவே வெளிறிய திட்டுகள் வந்தால் வெயில் சுட்டிருக்கிறது. முதிர்ந்த ஓலைகளில் மட்டும் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் பொட்டாசியம் குறைவு. ஆனால் குருத்தே வாடி, மண்ணில் புளித்த வாடை அடித்தால் வேர் அழுகுகிறது. நானும் அன்பு மிகுந்து ஊற்றி ஒரு செடியைக் கொன்றிருக்கிறேன். வேரைப் பிடித்து இழுத்தபோது தோல் மட்டும் கையோடு வந்தது. மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் நட்டேன். ஓலை கிழிந்து தொங்குகிறது. பூச்சியா?

பதில்: காற்று. பெரும்பாலான பனைகளின் ஓலை கீற்றாகப் பிரிந்து காற்றுக்கு வழிவிடும். இதன் ஓலை கிட்டத்தட்ட முழு வட்டம், கப்பல் பாய் போல எதிர்த்து நிற்கும். சுவர் மறைவிலோ பெரிய மரத்தடியிலோ நடுங்கள். கிழிந்தது ஒட்டாது. பச்சையாக இருக்கும்வரை வெட்டவும் வேண்டாம்.

கேள்வி: உயரமாகிவிட்டது. தலையை வெட்டினால் பக்கக் கிளை விடுமா?

பதில்: விடாது, செத்துவிடும். இதற்கு இருப்பது ஒரே குருத்து.

கேள்வி: மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிகிறது.

பதில்: முதலில் ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய வலையும் நகரும் புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். ஈரத்துணியால் துடைத்து, சில நாள் இடைவெளியில் மறுபடியும் கழுவுங்கள். எதுவும் நகரவில்லையென்றால் பெரும்பாலும் வெறும் தூசிதான். ஓலை மடிப்புக்குள் துணி போகாது. நான் பழைய ஓவியத் தூரிகை ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.