ஈஸ்ட் ஹாம் தம்பிக்கு: பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்

திருப்பூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு இப்போது லண்டனுக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் ரூம். இங்கே புதுசு புதுசாக டிசைன், போட்டோ, பாட்டு, ஓவியம் என்று கொட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் நாங்கள் தைத்து அனுப்பிய டி-ஷர்ட்தான் தொங்குகிறது. போனைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி. பெரிய கம்பெனி தயவில்லாமல் தனியாகச் செய்கிறவர்களை எங்கே போய்ப் பார்ப்பது? தெரிந்தவர் யாரும் இல்லை, கையில் காசும் இல்லை."

காசு பெரிய தடை இல்லை தம்பி. நான் சொல்லப்போகிற இடங்களில் பாதிக்கு மேல் இலவசம். தெரிந்தவர் இல்லாததுதான் கொஞ்சம் கஷ்டம், அதுவும் ஒரு குளிர்காலம் போனால் சரியாகிவிடும்.

முதலில் போனைப் பற்றி. அதில் படம் வரும், படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்களின் பெயர் வராது. யார் எடுத்தது, யார் தைத்தது, பின்னணி இசை யாருடையது, எதுவும் இருக்காது. அதனால்தான் ஒரே இடத்தில் சுற்றுகிறீர்கள். பிடித்த ஒன்றைப் பார்த்தால் அதில் வேலை செய்தவர்களின் பெயரைத் தேடி எடுங்கள். அந்தப் பெயர் வேறு யாரோடெல்லாம் வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள். 1980இல் டெர்ரி ஜோன்ஸ் ஆரம்பித்த ஐ-டி (i-D) என்ற ஃபேஷன் பத்திரிகை இதைத்தான் செய்தது. தெருவில் போகிறவர்களைச் சுவரோரம் நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை படம் எடுத்து, அவர்கள் யார், போட்டிருப்பது எங்கே வாங்கியது என்று கூடவே எழுதியது. ஜோன்ஸ் அதற்கு முன் பிரிட்டிஷ் வோக் என்ற பெரிய ஃபேஷன் பத்திரிகையின் கலை இயக்குநர். அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டு, ஸ்டேப்ளர் அடித்த சில தாள்களோடு தொடங்கினார்.

இந்த ஊரில் ஃபேஷன், இசை, ஓவியம் எல்லாம் தனித்தனித் தெரு இல்லை. மாயா அருள்பிரகாசத்தை, அதாவது பாடகி எம்.ஐ.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாகத் திரும்பி வந்து, தெற்கு லண்டன் மிச்சமில் கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது திரைப்படம். பிறகு ஸ்டென்சில் ஓவியங்கள் செய்தார். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் ஆல்பத்துக்கு அட்டை செய்துகொடுத்தார், அவர்களோடு ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்தார். அந்தப் பழக்கத்தில் ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணு இசைக்கருவி கைக்கு வந்தது, அதில் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். அப்பாவின் பெயரை வைத்த முதல் ஆல்பம் 2005இல் வந்தது. அவரை இசைக்கடையில் மட்டும் தேடியிருந்தால் 2001இல் அவர் ஓவியம் மாட்டிய சுவரைத் தவறவிட்டிருப்பீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை. கிழக்கு லண்டனின் சிறு கேலரிகள் பல அன்று வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் மூடும். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் இறங்குங்கள். படியேறி வெளியே வந்தால் பக்கத்திலேயே ஒயிட்சேப்பல் கேலரி. 1901இல் ஏழைகள் குடியிருந்த பகுதியில், அவர்களுக்காகவே திறந்த இடம் அது. பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் 1939இல் இங்கே வந்தபோது, ஸ்பெயினில் போரிடுகிறவர்களுக்காக ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே போகலாம் என்று வைத்திருந்தார்கள். முதல் வியாழனுக்கு எந்தெந்த கேலரி திறந்திருக்கும் என்ற பட்டியலும் அவர்களிடமே கிடைக்கும்.

பல சிறு கேலரிகளில் புதிய கண்காட்சியின் திறப்பு மாலையும் அன்றே இருக்கும். நம் ஆட்கள் வாசலில் நின்று "அழைப்பிதழ் இல்லையே" என்று திரும்பிவிடுவார்கள். உள்ளே போங்கள். முன்பதிவு வேண்டும் என்று எழுதியிருந்தால் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். மேஜையில் பியரோ ஒயினோ இருக்கும். (என் வீட்டுக்காரர் இன்றைக்கும் இதை "ஓசி ஒயினுக்குப் போறது" என்றுதான் சொல்வார்.) குடிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. மேஜையில் ஒரு தாள் இருக்கும், படைப்புகளின் பெயர், எதில் செய்தது, சில சமயம் விலையும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் அங்கேயே ஓர் ஓரத்தில் சங்கடமாக நின்றுகொண்டிருப்பார். "இதன் அர்த்தம் என்ன?" என்று கேட்டால் நெளிவார். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இங்கே கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிகள் நடக்கும். கிங்ஸ் கிராஸில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ், நியூ கிராஸில் கோல்ட்ஸ்மித்ஸ், 2023இல் உங்கள் பக்கம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கே வந்துவிட்ட லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன். காசு கிடையாது, சிலவற்றுக்கு ஆன்லைனில் பதிவு செய்தால் போதும். பின்னாளில் பெரிய டிசைனரான அலெக்சாண்டர் மெக்வீனின் 1992 மாணவர் கலெக்‌ஷனைப் பார்த்த ஃபேஷன் பத்திரிகையாளர் இசபெல்லா ப்ளோ, அதை அப்படியே மொத்தமாக 5,000 பவுண்டுக்கு வாங்கினார், வாரம் 100 பவுண்டு தவணையில். இன்று பெரிய ஓவியரான டேமியன் ஹர்ஸ்ட் 1988இல் கோல்ட்ஸ்மித்ஸ் மாணவராக இருந்தபோது, சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடத்தில் கண்காட்சி போட்டார்.

இந்தக் கண்காட்சிகளில் உடை செய்த மாணவர் பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் துணியை விரலில் தொட்டதும் ஜிஎஸ்எம், அதாவது அதன் எடை, சொல்லிவிடுவீர்கள். பின்னல் சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா, ஓரம் ஏன் சுருள்கிறது, ஃப்ளாட்லாக் தையல் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்த பார்வையில் தெரியும். அங்கே நிற்கும் பிள்ளைகளில் பலர் நிட்டிங் மெஷின் வரிசையாக ஓடும் ஒரு ஷெட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சாயப்பட்டறை பற்றியும் ஆர்டர் கேன்சல் ஆனால் மிச்சத் துணி எங்கே போகிறது என்பது பற்றியும் சொல்லுங்கள், உங்களை விடமாட்டார்கள். நான் கணக்கு எழுதுகிற ஆள், எனக்கு அந்த வசதி இல்லை. கலை தெரியாது என்று நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

மிச்சத் துணி என்றதும் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும், பிரியா அலுவாலியா. இந்திய, நைஜீரிய வேர்கள் உள்ள லண்டன் பெண். நைஜீரியாவில் லாகோஸுக்கும் நம் பானிபட்டுக்கும் போய், மேலை நாடுகள் கழித்துவிட்ட துணி மலைபோல் வந்து குவிவதைப் பார்த்துப் படம் எடுத்து 2018இல் சிறு புத்தகமாகப் போட்டார். அதே ஆண்டு பழைய துணியையும் ஆலைகளில் தேங்கிய துணியையும் வைத்துத் தன் பெயரிலேயே லேபிள் தொடங்கினார். ஃபேஷனும் புகைப்படமும் ஒரே ஆள் கையில். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

புதிய டிசைனர்கள் யார் என்று தெரிய, லூலு கென்னடி 2000இல் பிரிக் லேனில் தொடங்கிய, புது டிசைனர்களுக்குக் கைகொடுக்கும் ஃபேஷன் ஈஸ்ட் அமைப்பு ஒவ்வொரு சீசனும் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். ஷோவுக்குள் நம்மை விடமாட்டார்கள், அதற்கு அலையவும் வேண்டாம். அந்த டிசைனர்களின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொண்டால் ஸ்டூடியோவிலேயே சாம்பிள் சேல் போடும்போது தெரியவரும். நம்ம திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தை மாதிரிதான், குவியலில் கைவிட்டுத் தேட வேண்டும். ஆனால் பில் போடுவது பெரும்பாலும் டிசைனரோ அவருடைய உதவியாளரோதான். பிரிக் லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றிப் பலர் சொல்வார்கள். போங்கள், ஆனால் பல ஸ்டால்களில் இருப்பது மொத்தக் கொள்முதல் சரக்கு. லேபிளைத் திருப்பிப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புகைப்படத்துக்கு இரண்டே இடம் சொல்கிறேன். இப்போது சோஹோவில் இருக்கும் போட்டோகிராஃபர்ஸ் கேலரி, 1971இல் தொடங்கியது. டிக்கெட் உண்டு, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் இலவசம். இன்னொன்று ஷோர்டிச்சில் ஆட்டோகிராஃப். கறுப்பின, ஆசியப் புகைப்படக்காரர்களுக்கு இங்கே இடம் கிடைக்காத காலத்தில், 1988இல் அவர்களே சேர்ந்து தொடங்கியது. டெல்லியில் பிறந்த சுனில் குப்தாவும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். எப்போதும் இலவசம். எனக்கு இரண்டாவதுதான் மேல். முதலாவதின் புத்தகக்கடை மட்டும் விட்டுவிடக் கூடாத இடம், வாங்காமல் புரட்டலாம்.

இசைக்கு, ரூமில் சமைக்கும்போதே ஆரம்பிக்கலாம். டால்ஸ்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ் என்ற இணைய வானொலியைப் போட்டுவிடுங்கள். விளம்பரம் கிடையாது. பல நிகழ்ச்சிகளுக்கு என்னென்ன பாட்டு என்ற பட்டியல் போடுவார்கள், நான் சொன்ன பெயர் வேட்டைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பெயர் கிடைத்ததும், கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடுங்கள். அங்கே ஒரு ஆல்பத்தை டிஜிட்டலாக வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி கலைஞருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகும். நேரில் கேட்க டால்ஸ்டனில் கஃபே ஓட்டோ என்ற கச்சேரி இடம். 2008 முதல் நடக்கிறது. முதல் தடவை போனால் "இது பாட்டா, பாத்திரம் உருட்டுகிற சத்தமா?" என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. இரண்டாவது தடவைதான் பிடித்தது. அங்கே முழுக் கச்சேரியையும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார்.

நம் பக்கத்து இசை வேண்டுமானால் டேடைமர்ஸ் என்ற கூட்டத்தைக் கவனியுங்கள். 1980, 90களில் இங்கே வளர்ந்த பஞ்சாபி, குஜராத்தி, வங்காளிப் பிள்ளைகளை வீட்டில் ராத்திரி வெளியே விடமாட்டார்கள். அதனால் பகலிலேயே பாங்ரா பார்ட்டி நடக்கும், பள்ளிக்கூடத்தை வெட்டிவிட்டு வந்து ஆடிவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போது மறுபடி யூனிஃபார்மில் இருப்பார்கள். அந்தப் பகல் பார்ட்டிகளின் பெயரைத்தான் 2020இல் ஒரு புதிய தலைமுறை டிஜேக்கள் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பாட்டையும் உறுமியையும் டெக்னோவோடு சேர்த்து யாராவது போட்டால் நம்மவர்கள் அங்கே ஆடுவதைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதற்காகவே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஹாக்னி விக் பக்கம் ஒலிம்பிக் பூங்காவில் 2025இல் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் திறந்தார்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிடங்கு அது. இணையத்தில் தேடி ஐந்து பொருள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்தால், எடுத்து வந்து உங்கள் முன்னால் வைப்பார்கள். ஆராய்ச்சியாளர் என்ற சான்றிதழ் எதுவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. டிசைனர் பாலென்சியாகாவின் கவுனைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். நீங்கள் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயம் ஏற்றி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீட்டித் துணியைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்து ஏற்றுமதிச் சரக்கு, வாங்குகிறவன் ரசனைக்குத் தகுந்தபடி பூ மாற்றி எழுதியது. துணி வாங்கும் பையர் 'இப்படித்தான் வேண்டும்' என்று எழுதி அனுப்பிய ஸ்பெக் ஷீட் எதிரே இருக்கிற மாதிரியே தோன்றும் உங்களுக்கு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நான்கு கண்காட்சி பார்த்ததும் நாமும் டி-ஷர்ட் பிரிண்ட் செய்து ஸ்டால் போடலாமே என்று கை அரிக்கும், திருப்பூர்க்காரருக்குக் கேட்கவே வேண்டாம். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. சந்தையில் விற்பது, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பது, ஃப்ரீலான்ஸாகக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொடுப்பது எல்லாம் அதில் வரும். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று ரூம்மேட் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் இருக்கும், அங்கே கேளுங்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிவிட்டால் சுயதொழில் செய்யலாம். அதுவரை பத்து பீஸ் அடித்துச் சும்மா நண்பர்களுக்குக் கொடுத்து, அவர்கள் போட்டுக்கொண்டு திரிவதை நீங்களே படம் எடுத்து வையுங்கள்.