பத்து நாளில் ஏழு நாடு எதற்கு?

கேள்வி: பத்து நாளில் ஏழு ஐரோப்பிய நாடுகளைக் காட்டுவதாக ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் சொல்கிறார்கள். என் மகளோ, "அந்தக் காசுக்கு ஒரே ஊரில் தங்கி, பக்கத்துக் காடு மலையெல்லாம் நடக்கலாம்ப்பா" என்கிறாள். லட்சக்கணக்கில் செலவழித்து ஐரோப்பா போய்க் காட்டில் நடப்பதா? அதற்கு ஏற்காடு போதாதா? எனக்கு மூட்டுவலி வேறு.
- வாசகர், ஈரோடு

பதில்: ஏற்காடு தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் ஏற்காடு போகப் போவதில்லை. பேக்கேஜுக்கு மனதளவில் அட்வான்ஸ் கட்டிவிட்டு, மகளை மடக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள். மன்னிக்கவும், நான் உங்கள் மகள் கட்சி.

அந்தப் பேக்கேஜ் தாளை எடுத்து, பஸ்ஸில் உட்காரும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஏழு நாடு என்றால் குறைந்தது ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும். விடிந்ததும் லாபியில் லக்கேஜ், அப்புறம் பஸ், இறங்கி ஒரு போட்டோ, இந்தியன் டின்னர், தூக்கம். ஐரோப்பாவில் காசைத் தின்பது இப்படி ஊர் மாறுவதுதான். ஒரே ஊரில் சமையலறையோடு ஓர் அறை எடுத்து, வாரத்துக்கு ஒரு டிராம் பாஸும் வாங்கிக்கொண்டால், செலவு கைக்குள் நிற்கும்.

எந்த ஊர்? ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா என்பேன். அங்கே டி என்ற டிராம், ரயில் நிலையம், ஆப்பரா, நாடாளுமன்றம் எல்லாவற்றையும் கடந்து நுஸ்டார்ஃபில் போய் நிற்கும். இறங்கினால் ஓடையோரமாக ஒரு பாதை. பீத்தோவன் நடந்த வழி என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஏறினால் 484 மீட்டர் உயரத்தில் காலன்பெர்க் உச்சி. கீழே டான்யூப் ஆறும் நகரமும் விரிந்து கிடக்கும். நகராட்சி எண் போட்டு வைத்திருக்கும் நடைவழிகளில் இதுதான் முதலாவது. சுற்றிவர சுமார் 11 கிலோமீட்டர். வழிகாட்டிப் பலகைகள் உண்டு, டிக்கெட் கவுன்டர் கிடையாது. ஏப்ரலில் போனால் மரத்தடியெல்லாம் காட்டுப்பூண்டு முளைத்து, காடே ரசம் கொதிக்கும் அடுக்களை மாதிரி மணக்கும். பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள், அதே ஜாடையில் விஷச்செடியும் வளரும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஹைலிகன்ஸ்டாட் மெட்ரோ நிலையத்திலிருந்து 38ஏ பஸ் உச்சிக்கே போகிறது.

இருபது லட்சம் பேர் வாழும் தலைநகரில், டிராம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அது தானாகத் தப்பிய காடு அல்ல. 1866 போரில் தோற்றுக் கஜானா வற்றிய ஆஸ்திரிய அரசு, வியன்னாக் காட்டை விற்றுக் காசாக்கப் பார்த்தது. யோசஃப் ஷோஃபல் என்பவர் 1870 முதல் பத்திரிகையில் விடாமல் எழுதி, 1872-ல் அதைக் கைவிட வைத்தார். (பத்திரிகையில் எழுதி என்ன ஆகப் போகிறது என்று மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் கவனிக்க.) 1905-ல் நகரசபை, ஊரைச் சுற்றியுள்ள காடும் புல்வெளியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1984 டிசம்பரில் டான்யூப் கரைக் காட்டை அழித்து ஹைன்பர்க்கில் நீர்மின் நிலையம் கட்டப் போனபோது, ஆயிரக்கணக்கானவர்கள் உறைபனியில் கூடாரம் போட்டு உட்கார்ந்து தடுத்தார்கள். 1996-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அதில் லோபாவ் என்ற பகுதி நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. டவுன்பஸ்ஸில் போய், பீவர்கள் (ஆற்றோரம் வாழும், பெருச்சாளி ஜாடைப் பிராணிகள்) பென்சில் சீவியதுபோல் கடித்துச் சாய்த்த மரங்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் ஏழு நாட்டு பஸ் அங்கே நிற்காது.

சாப்பாட்டுக் கவலையும் உங்களுக்கு இருக்கும். திராட்சைத் தோட்டக்காரர்களே நடத்தும் ஹாய்ரிகர் கடைகள் மலையடிவாரத்தில் உண்டு. வாசலில் பைன் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது. சொந்த வைனை இப்படி விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் யோசஃப் கொடுத்த அனுமதி அது. வைன் ஆகாதென்றால் திராட்சைச் சாறு வாங்கிக்கொள்ளுங்கள். ரொட்டியில் தடவ லிப்டவர் என்ற பாலாடைக்கட்டி தருவார்கள். மிளகாய்ப்பொடி நிறம்தான், காரத்தை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். 1873-லிருந்து அந்த ஊருக்கு ஆல்ப்ஸ் ஊற்றுநீர் குழாயில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகளைத் தவிர சூப்பர் மார்க்கெட்டெல்லாம் பூட்டிக் கிடக்கும் என்பதால், தயிரும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. புல்லில் உண்ணி உண்டு; அது கடித்து மூளைக்காய்ச்சல் வரலாம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் தடுப்பூசியே போட்டுக்கொள்கிறார்கள். கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். முழுக்கால் பேன்ட் போடுங்கள், அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைத் தடவிப் பாருங்கள்.

விசாவும் சுலபம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு ஷெங்கன் நாடுகள் என்று பெயர்; அவற்றில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஆஸ்திரியா, குழப்பமே இல்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுவை வாங்குவார்கள். ஏப்ரல் பூண்டு வாசனை வேண்டுமென்றால், பொங்கலுக்கு முன்பே மகளை உட்காரவைத்து ஃபாரத்தை நிரப்புங்கள்.