கூரை விளிம்பில் ஐஸ்: புதுக் கூரைக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டொரொண்டோ ஸ்காபரோவில் 1970களில் கட்டிய வீடு எங்களுடையது. இந்த வருடப் பனிக்குக் கூரை விளிம்பில் ஐஸ் தடிப்பாகக் கட்டி, பீலியில் (கூரைத் தண்ணீர் வடியும் வாய்க்காலில்) ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. படுக்கையறை சீலிங்கில், வெளிச்சுவரை ஒட்டி, தேநீர் சிந்தியது போல ஒரு கறை வந்திருக்கிறது. நான்கு நாளைக்கு முன் கதவைத் தட்டி வந்த ஒருவர், "ஷிங்கிள்ஸ் (கூரை மேல் பதிக்கும் தார்த் தகடுகள்) முடிந்துவிட்டது, முழுக் கூரையும் மாற்ற வேண்டும், இன்றைக்கே என்றால் விலை குறைவு" என்றார். கணவர் கையெழுத்துப் போட்டு, 3,000 டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டார். சரிதானா?

பதில்: கூரையைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தக் கையெழுத்து. ஒன்டாரியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் வைத்துச் செய்த 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி உங்கள் கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த 15 நாட்களுக்குள் அவர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இனி கூரை. ஷிங்கிள்ஸ் பழசாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அட்டிக்கைத்தான், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத்தான், காட்டுகின்றன. வீட்டுச் சூடு சீலிங் வழியாக அட்டிக்குக்கு ஏறி, கூரையின் மேல்பகுதியில் கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்தத் தண்ணீர் பனிக்குக் கீழேயே வழிந்து இறங்கும். சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்கு அடியில் சூடு கிடையாது, அங்கே வந்ததும் உறைந்துவிடும். இப்படியே ஏறி ஏறி ஓர் அணை. அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் போக வழியில்லாமல் ஷிங்கிள்ஸுக்கு அடியில் மேல்நோக்கிப் புகுகிறது. வழிந்தோடும் மழையைத் தாங்கத்தான் ஷிங்கிள்ஸ், குளம் கட்டினால் தாங்காது. அட்டிக்கைத் தொடாமல் புதுக் கூரை போட்டால் அடுத்த பெப்ரவரியில் அதே இடத்தில் அதே கறைதான்.

காசில்லாத ஒரு சோதனை: பனி பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரை வெள்ளையாக மூடியிருக்க, உங்கள் கூரையில் மட்டும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் சூடு கசிகிறது. அப்புறம் அட்டிக் கதவைத் திறந்து டார்ச் அடியுங்கள். சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் அங்கே எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள். இன்றைய புது வீடுகளுக்கு ஆர்-60 (சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) வழக்கம். ஊதி நிரப்பும் செல்லுலோஸில் (காகித நார்) அது 16, 17 அங்குலத் தடிப்பு. உங்கள் வீட்டு வயதுக்கு அதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம். மேலும் இன்சுலேஷன் நிரப்புவதற்கு முன் பாட் லைட் (சீலிங்கில் பதித்த விளக்கு) ஓரம், வயர் துளை, அட்டிக் கதவின் விளிம்பு எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு மேலே கொட்டுகிறவர்கள்தான் அதிகம். விளிம்புக் காற்றுத் துளைகளை இன்சுலேஷன் மூடிவிடவும் கூடாது.

இன்னொன்று. உள்ளே ஆணி முனைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கிறதா? அப்படியென்றால் வீட்டு ஈரக்காற்று மேலே போகிறது. வெயில் வந்ததும் அது உருகிச் சொட்டும், நாம் கூரை ஒழுகுகிறது என்று நினைப்போம். குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிகிறதா என்று பாருங்கள். இடியப்பம் அவிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடாத வீடுகளுக்கும் இதில் பங்குண்டு, எங்கள் வீடு உட்பட.

உண்மையிலேயே கூரை மாற்ற வேண்டியிருந்தால் கோடையில் செய்யுங்கள். ஷிங்கிள்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வெயில் வேண்டும். குளிரில் வெடிக்கவும் செய்யும். விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது 900 மில்லிமீட்டர், அதோடு வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரை ஐஸ் தடுப்புப் படலம் போடுவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மதிப்பீட்டுத் தொகையையும் அதிலேயே எழுதச் செய்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது.

கேள்வி: கூரைப் பனி இழுக்கும் நீள ரேக் வாங்கலாமா, சூடேற்றும் கேபிள் நல்லதா?

பதில்: ரேக். தரையில் நின்றபடியே விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அடிப் பனியை இழுத்துவிட்டால் அணை கட்டுவதற்குத் தண்ணீரே குறைந்துவிடும். அடியில் சிறு சக்கரம் உள்ளதாக வாங்குங்கள், ஷிங்கிள்ஸில் உராயாது. பெரும்பாலும் அலுமினியக் கம்பு என்பதால் வீட்டுக்கு வரும் மின்கம்பி இருக்கும் பக்கத்தில் தூக்கவே வேண்டாம். கேபிள் ஐஸில் வாய்க்கால் வெட்டித் தரும், அவ்வளவுதான். கசிவு அப்படியே இருக்க, மின்கட்டணம் ஏறும். கோடாலியால் ஐஸைக் கொத்துவதும் உப்பை அள்ளி வீசுவதும் கூடவே கூடாது. ஒன்று ஷிங்கிள்ஸை உடைக்கும், மற்றது பீலியை அரிக்கும்.

கேள்வி: சீலிங் கறைக்கு வீட்டுக் காப்புறுதி பணம் தருமா?

பதில்: உங்கள் பொலிசியைப் பொறுத்தது. திடீரென நடந்த சேதத்துக்கும் நாள்பட்ட கசிவுக்கும் பெரும்பாலும் வேறு வேறு விதி. கறைக்கு மேல் பெயின்ட் அடிப்பதற்கு முன் தேதியோடு படம் எடுங்கள், வெளியே உள்ள ஐஸையும் சேர்த்து. சேதம் கழிவுத்தொகையைவிட (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) கொஞ்சமே அதிகம் என்றால் கோரிக்கை போடாமல் கைக்காசில் திருத்துவது மேல்.